இருபத்து நாலாவது வாரம்

“எழுதினவரு அப்படித்தான் எழுதிகீறாரா சார்? அத்த மட்டும் சொல்லு.”

ஏழுமலை என்னைப் பார்த்து இப்படிக் கேட்டபோது காலை பத்து மணிகூட ஆகவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஒரு குப்பம். வலைகளைப் போட்டு வைக்கும் கீற்றுக் கொட்டகையில் நாற்பது பேர் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் மரியாதையாக ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி. அதன் ஒரு கால் மணலில் இறங்கிக்கொண்டே இருந்தது. நான் நேராக உட்கார்ந்திருப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

ஏழுமலை மீன் பிடிக்கிறவர். என் வயதுதான், ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். அப்போது ஒரு தொலைக்காட்சித் தொடரில் படகுக்காரர் காளியாக நடித்துக்கொண்டும் இருந்தார். கடைசிப் பகுதியைக் குப்பத்துக் கரையில் படமெடுக்க வேண்டுமானால், அதற்கு முன் கதை முடிவை ஊருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். வாசித்தாயிற்று. முடிவில் கொலைகாரன் யார் என்றால், காளி.

“கதையே அப்படின்னா நான் நடிச்சிக் குடுத்துட்டுப் போறேன். நடிப்புதானே. ஆனா என் பொண்ணு கல்பாக்கத்துல பத்தாவது படிச்சிகினு கீது. பஸ்ஸுல இப்பவே ‘காளி பொண்ணு’ன்னுதான் கூப்புட்றாங்க. நாளைக்கு ‘கொலைகாரன் பொண்ணு’ம்பாங்க. அதான் கேக்குறேன். அந்தப் பெரிய மனுசன் நெசமாவே இப்படித்தான் எழுதினாரா?”

இயக்குநர் மைதிலி என்னைப் பார்த்தார். நாற்பது பேரும் பார்த்தார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஏனென்றால் அந்த முடிவை எழுதியது அந்தப் பெரிய மனிதர் இல்லை. நான்.

நாலு வரிசை நூலகம்

சற்றுப் பின்னால் போக வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டில் குடியிருந்துகொண்டு கல்பாக்கத்தில் டெக்னீஷியன் வேலை. தினமும் அலுவலக பஸ். காலையில் திருக்கழுக்குன்றம் மலை தெரிவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். பின்சீட்டில் சீட்டுக்கச்சேரி. நடுவில் நாலு வரிசை மட்டும் எங்களுடையது. அங்கே துப்பறியும் கதைதான்.

எங்கள் ஆள் துப்பறியும் திருவேங்கடம். இன்றைக்கு யாருக்கும் தெரியாது. நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு வார இதழில் வந்த கதைகள் அவை. அந்த இதழும் போய்விட்டது, எழுதியவரும் போய்விட்டார். திருவேங்கடம் ஓய்வு பெற்ற சர்வேயர். கையில் குடை, பையில் அளவு நாடா. எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். துப்பாக்கி கிடையாது. கொலைகாரனைக் கையும் களவுமாகப் பிடித்த பிறகும் ‘தாங்கள்’ என்றுதான் பேசுவார். அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த பித்தை என் மனைவி லலிதா கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். “உங்களுக்கு ஒரு மாமனார் போதாதுன்னு இவர் வேற” என்பாள்.

அந்தக் கதைகள் புத்தகமாக வந்ததில்லை. பைண்டுகளாகத்தான் கிடைக்கும். அந்தக் காலத்து வீடுகளில் வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து அடுக்கி, கதை முடிந்ததும் கெட்டி அட்டை போட்டுத் தைத்து வைப்பார்கள். பின்பக்கத்தில் பாதி சமையல் குறிப்பும் கூந்தல் தைல விளம்பரமும் சேர்ந்து வரும். எந்த வாரமாவது இதழ் கைக்கு வராமல் போனால், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி, கையால் நகல் எழுதி, அந்த இடத்தில் வைத்துத் தைத்துவிடுவார்கள். ஆகவே பைண்டு புத்தகத்தில் கையெழுத்துப் பக்கம் வந்தால் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. ஒரு எழுத்து மாறாமல் எடுத்த நகல் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவோம். இந்த நம்பிக்கையைத்தான் நான் கெடுத்தேன்.

செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் ஒருநாள் ‘கரையேறிய சாட்சி’ கிடைத்தது. திருவேங்கடம் கதைகளில் அதுதான் கடைசி என்று கேள்விப்பட்டிருந்தேன். விலை பேசாமலே வாங்கிவிட்டேன். ஜகந்நாதன்தான் பஸ்ஸில் அதை உரக்க வாசித்தார். அவர் என் பிரிவுக்குப் பக்கத்துப் பிரிவு. வெண்கலக் குரல். நாளொன்றுக்கு ஒரு வாரத்துப் பகுதி வீதம், திருக்கழுக்குன்றம் தாண்டியதும் தொடங்கி கல்பாக்கம் நகரியத்து வாசலில் நிறுத்துவார். சீட்டுக்கச்சேரிக்காரர்களே சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காது கொடுத்தார்கள்.

கதை எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை. மார்கழி மாதம். சதுரங்கப்பட்டினத்து டாக்டர் ஒருவர் காணாமல் போகிறார். மூன்றாம் நாள் உடல் வடக்கே மாமல்லபுரத்துக் கரையில் ஒதுங்குகிறது. சந்தேகம் மூன்று பேர்மேல். டாக்டரிடம் வேலை பார்த்த கம்பவுண்டர். இன்னும் வடக்கே கோவளத்தில் பங்களா வைத்திருக்கும் டாக்டரின் தம்பி. டாக்டரை அடிக்கடிப் படகில் ஏற்றிப்போகும் சதுரங்கப்பட்டினத்துக் காளி.

ஒன்பதாவது வாரத்தில் ஒரு பழைய சம்பவம் வரும். அதற்கு முந்தின ஆடி மாதத்தில், காளியின் படகில் போகும்போது டாக்டரின் தொப்பி பறந்து கடலில் விழுகிறது. இரண்டு நாள் கழித்து அது மாமல்லபுரத்து மணலில் கிடைக்கிறது. திருவேங்கடம் அந்தத் தொப்பியைக் கையில் வாங்கி, வெகுநேரம் கடலைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குடையை விரித்துக்கொண்டு போய்விடுவார்.

இருபத்து மூன்று வாரம் ஆயிற்று. ‘குற்றவாளி யார் என்று சொல்கிறேன், அமருங்கள்’ என்கிறார் திருவேங்கடம். பக்கத்தைத் திருப்பினால் பின்னட்டை! இருபத்து நாலாவது வாரம் இல்லை.

படாளத்தில் இல்லாத பிரதி

பஸ்ஸே என்மேல் பாய்ந்தது. எனக்கோ பெரிய ரசிகன் என்ற பெயரைக் காப்பாற்ற வேண்டும். “படாளத்தில் ஒருத்தர் வீட்டில் அந்த இதழ் இருக்கிறது. வாங்கிவிடலாம்” என்று அளந்துவிட்டேன். நானும் தேடாமல் இல்லை. நூலகத்தில் கேட்டேன், தெரிந்த பைண்டர்களிடம் கேட்டேன். கிடைக்கவில்லை.

அதற்குள் ஜகந்நாதனுக்கு ராஜஸ்தானுக்கு மாற்றல் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை புறப்பாடு. திங்கட்கிழமை பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அங்க தமிழ்ப் பேப்பரே கிடைக்காதாம்யா. போறதுக்குள்ள அது யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும். படாளத்துக்காரர் என்ன சொல்றார்?”

“வந்துவிட்டது. நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன்” என்றேன். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். தொப்பியைப் பிடித்துக்கொண்டேன். தொப்பி போன வழியில்தானே உடலும் போயிருக்கும்? அப்படியானால் உடலைச் சதுரங்கப்பட்டினத்துக் கடலில்தான் போட்டிருக்க வேண்டும். அங்கே படகு வைத்திருப்பவன் யார்? காளி. டாக்டரின் தங்கச் சங்கிலிக்கு ஆசைப்பட்டான், தீர்ந்தது. ‘கடல் வழக்கம்போல வடக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதன் அழகை நானே நாலு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கம்பவுண்டரைக் கொலைகாரனாக்க எனக்கு மனம் வரவில்லை. பஸ்ஸில் ஆஸ்பத்திரி ஊழியர் இரண்டு பேர் இருந்தார்கள். டாக்டரின் தம்பி படித்தவன், நல்ல குடும்பம். காளிக்காகக் கேட்க எங்கள் பஸ்ஸில் ஒருவரும் இல்லை.

வியாழக்கிழமை ஜகந்நாதன் வாசித்தார். நாலு வரிசையும் கை தட்டியது. அவர் என்னைக் கட்டிக்கொண்டு, “கை ஒடிய எழுதியிருக்கியேய்யா” என்றார். மறுநாள் ரயிலேறிப் போய்விட்டார். நான் அந்தப் பக்கங்களைப் பைண்டில் சேர்த்துத் தைத்தேன். ஒரு வருஷம் போனதும் அது நான் எழுதியது என்பதே எனக்குப் பாதி மறந்துவிட்டது. மீதிப் பாதி மட்டும் நினைவு வரும்போதெல்லாம் கொஞ்சம் பெருமையாக இருக்கும்.

வெங்கி வந்தார்

பத்து வருஷம் கழித்து, சுனாமிக்கு முந்தைய ஏதோ ஒரு வருஷம், மைதிலி எங்கள் வீட்டுக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். சென்னையில் தொலைக்காட்சித் தொடர் எடுப்பவர். ‘கரையேறிய சாட்சி’யைத் தொடராக எடுக்க எழுத்தாளரின் குடும்பம் அனுமதி கொடுத்துவிட்டது, ஆனால் அவர்களிடமே பிரதி இல்லை. எங்கள் அலுவலக பஸ்ஸில் வரும் யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

பைண்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் கடைசியில் நின்றார். “இந்தக் கையெழுத்து யாரோடது சார்?”

“என்னுடையதுதான். படாளத்தில் ஒருவரிடம் இருந்த பிரதியைப் பார்த்து எழுதியது.”

“ஒரு வரிகூட விடலையே?”

“விடவில்லை” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. “எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள் அம்மா, முடிவில் மட்டும் கை வைக்காதீர்கள்” என்று நிபந்தனை போட்டேன். என் எழுத்து திரையில் வர வேண்டும் என்ற ஆசை. வேறு ஒன்றும் இல்லை.

தொடர் வந்தது. முதல் வெள்ளிக்கிழமை எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. திருவேங்கடம் ‘வெங்கி’ ஆகியிருந்தார்! நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, மோட்டார் சைக்கிள், காதில் செல்போன். டாக்டரின் தொப்பி கிரிக்கெட் தொப்பியாகிவிட்டது. ‘தாங்கள்’ போய் ‘ஹலோ பாஸ்’ வந்தது. அசலில் ஒரு தந்தி கொடுக்க மூன்று மைல் நடப்பார். அந்த மூன்று மைலில்தான் நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். இங்கே பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது.

பதினொரு பக்கத்துக்கு மைதிலிக்குக் கடிதம் எழுதினேன். ‘அசல்’ என்ற சொல்லை ஒவ்வொரு பக்கத்திலும் அடிக்கோடிட்டேன். இனிமேல் அந்தத் தொடரைப் பார்க்கப்போவதில்லை என்று ஊரெல்லாம் சொன்னேன். அவர் போனில் கூப்பிட்டுப் பொறுமையாகப் பேசினார்.

“அந்தக் காலத்துல சர்வே டேப்புங்கறதே புது விஷயம் சார். அவர் பழைய ஆளைப் பத்தி எழுதலை, அன்னிக்குப் புதுசா இருந்த ஆளைப் பத்திதான் எழுதினார். நானும் அதைத்தானே செய்யறேன்?”

போனை வைத்தேன். எரிச்சல் இன்னும் கூடியது.

ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். லலிதா அடுப்படியிலிருந்து, “என்னங்க, பார்க்காத சீரியல் இன்னிக்கு எத்தனை மணிக்கு?” என்பாள். வெங்கியாக நடித்த பையன் ஒரு காட்சியில் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தான். அளந்துவிட்டு, நுனியை இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துச் சுருட்டினான். கதையில் அப்படித்தான் வரும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறு நிமிஷம் அவன் ‘கூல்’ என்றான். டிவியை அணைத்துவிட்டேன். திரும்பப் போட்டேன்.

ஏழுமலையின் காளி வேறு விஷயம். அவர் நடிக்கவே இல்லை. படகைத் தள்ளினார், பீடி பிடித்தார், வெங்கியைப் பார்த்து “இன்னா தம்பி, கடல்ல டவர் கெடைக்குதா?” என்றார். பஸ்ஸில் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். என் ரசனைக்கு ஒவ்வாத தொடரில் எனக்குப் பிடித்துப்போன ஒரே மனிதர் காளி. அவரைத்தான் நான் பத்து வருஷத்துக்கு முன்பே கொலைகாரனாக்கி வைத்திருந்தேன்.

தொப்பி போன வழி

கொட்டகைக்கு வருகிறேன்.

மைதிலி என்னை அங்கே அழைத்து வந்ததே இதற்காகத்தான். முந்தின நாள் முடிவை வாசித்தபோதே ஊரில் முணுமுணுப்பு. “நான் எத்தனையோ மாத்தியிருக்கேன், முடிவை மட்டும் மாத்த மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். நீங்க வந்து அசல் இதுதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சை மதிப்பாங்க” என்றார். நானும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்துவிட்டேன்.

“சொல்லு சார்” என்றார் ஏழுமலை மறுபடியும். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“ஆமாம்” என்றேன். “அவர் அப்படித்தான் எழுதியிருக்கிறார். இருபத்து நாலாவது, கடைசி வாரத்தைப் படாளத்துக்காரர் ஒருவரின் பிரதியிலிருந்து நானே நகல் எடுத்தேன்.”

மூன்றாவது தடவையாக அதே பொய். கொட்டகையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். பின்னால் நின்ற ஒரு பெண் வலையை உதறிவிட்டு வெளியே போனாள். ஏழுமலை கொஞ்ச நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு மைதிலியிடம், “அம்மா, அந்தத் தொப்பி வுழுந்துச்சே, அது இன்னா மாசம்? தொடர்ல நீங்க மாசமே சொல்லல. கதையில இன்னா போட்டுகீது?” என்று கேட்டார்.

மைதிலி பைண்டைப் புரட்டினார். “ஆடி.”

“டாக்டரு செத்தது?”

“மார்கழி.”

ஏழுமலை எழுந்து நின்றார். கடல் பக்கம் கையை நீட்டினார்.

“ஆடியில தண்ணி வடக்கால போவும். சதுரங்கப்பட்டினத்துல வுழுந்த தொப்பி மாவலிபுரத்துக்கு வரும். கரெக்டா எழுதிகீறாரு. மார்கழியில தண்ணி தெக்கால இழுக்கும் சார். சதுரங்கப்பட்டினத்துல பொணத்தப் போட்டா அது தெக்கால கடலூர்க் குப்பத்துக்குப் போவும், மாவலிபுரத்துக்கு எங்க வரும்? எங்க ஊரு கொழந்தையக் கேளு, சொல்லும்.”

நாற்பது தலையும் ஆடியது. ஒரு கிழவர் சிரித்தேவிட்டார்.

“இருபத்துமூணு வாரம் எழுதினவரு கடல் தெரிஞ்சவரு. கடேசி வாரம் எழுதினவன் கரையில குந்திகினு எழுதினவன். ரெண்டும் ஒரே ஆளு இல்ல.” ஏழுமலை என் முகத்தைப் பார்த்தார். “அந்தப் படாளத்துக்காரரு இன்னா வேல பாக்குறாரு சார்?”

சட்டென்று எழுந்தேன். நாற்காலி ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. யாரும் அதைத் தூக்கவில்லை.

“படாளத்தில் யாரும் இல்லை” என்றேன். “நான்தான் எழுதினேன். கடைசி வாரம் என்னிடம் இல்லை. எனக்கு அசல் முடிவு தெரியாது. காளியைக் கொலைகாரனாக்கியது நான்தான்.”

அவர்கள் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். மைதிலி தன் ஃபைலைத் திறந்து என் கடிதத்தை வெளியே எடுத்தார். பதினொரு பக்கமும் இருந்தது.

“செல்போன் எப்படி வரலாம்னு ஒண்ணரைப் பக்கம் எழுதியிருக்கீங்க சார். ‘அசலைக் கெடுப்பது கொலைக்குச் சமம்’னு எழுதியிருக்கீங்க. என் கண்ணைப் பார்த்து ஒரு வரிகூட விடலைன்னு சொன்னீங்க.” கடிதத்தை மடக்கினார். “நாலு நாள்ல ஷூட்டிங் சார்.”

ஏழுமலைதான் பேசினார்.

“அப்ப அந்தப் பெரியவரு யாரத்தான் சொல்லிகினு இருந்தாரு?”

“தெரியாது.”

“இத்தினி வருசமா இத்தயே படிச்சிகினு கீற, தெரியாதா?” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழே உட்கார்ந்து மணலில் விரலால் ஒரு நீளக் கோடு போட்டார். “இது கரை. இங்க மாவலிபுரம். மார்கழித் தண்ணி இப்படி, வடக்கேருந்து தெக்கால. அப்ப பொணம் எங்கேருந்து வந்திருக்கும்? வடக்கால யாரு வூடு கீது?”

மைதிலி மெல்ல, “கோவளம். தம்பியோட பங்களா” என்றார்.

எனக்கு ஒன்பதாவது வாரம் வரி வரியாக ஞாபகம் வந்தது. தொப்பியை வாங்கிக்கொண்டு வெகுநேரம் கடலைப் பார்க்கும் திருவேங்கடம். ஒன்றும் சொல்லாமல் குடையை விரித்துப் போகும் திருவேங்கடம். அந்தத் தொப்பியை அங்கே போட்டு வைத்ததே என்னைப் போன்ற அவசரக்காரன் அதைப் பிடித்துக்கொண்டு காளியிடம் போய் நிற்பதற்காகத்தான். எழுத்தாளர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். அவரது பரம ரசிகனுக்கு மாதத்தின் பெயர் கண்ணில் படவில்லை. முடிவை ஒரே ஒரு தடவை காதால் கேட்டவருக்கு அதை விசாரிக்கத் தோன்றியது.

ராஜஸ்தானிலிருந்து

நாலு நாள் கழித்துக் கடைசிக் காட்சியை அதே கரையில் எடுத்தார்கள். வெங்கிக்கு மணலில் கோடு போட்டுக் காட்டுகிறவர் காளி. மைதிலி அப்படி எழுதிவிட்டார். அசலில் அப்படி இருந்திருக்காது, அங்கே திருவேங்கடமேதான் சொல்லியிருப்பார். ஆனாலும் அது ஒளிபரப்பான வெள்ளிக்கிழமை நான் சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தேன். நான் பார்த்ததிலேயே அசலுக்கு மிக அருகில் வந்த காட்சி அதுதான். ஏழுமலையின் மகள் கூட்டத்தில் நின்று சிரிப்பது ஒரு கணம் தெரிந்தது.

மைதிலி அதன்பின் என்னோடு பேசவில்லை. பைண்டைத் தபாலில் அனுப்பிவைத்தார். கடைசிப் பக்கங்கள் அப்படியே இருந்தன. கிழித்துப் போட்டிருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அடுத்த மாதம் ராஜஸ்தானிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. ஜகந்நாதன். அங்கே டிஷ் வைத்துத் தமிழ்ச் சேனல் பார்க்கிறாராம். கடிதம் ஒன்பது பக்கம்.

‘பாவிகள் முடிவையே மாற்றிவிட்டார்கள் பார்த்தீரா! காளியை நல்லவனாக்கி, தம்பியைக் கொலைகாரனாக்கி, என்ன அநியாயம்! நீர் கை ஒடிய நகல் எடுத்துக் கொடுத்த அந்த முடிவை நான் இங்கே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? அசல் உம்மிடம்தானே இருக்கிறது. நீர் சும்மா இருக்கக் கூடாது.’

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. பேனாவை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். அன்று நாற்பது பேர் முன்னால் சொல்ல முடிந்தது. என்னைக் கட்டிக்கொண்டு, கை ஒடிய எழுதினாயே என்ற அந்த ஒருவரிடம் சொல்ல முடியவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

ஜகந்நாதன், இந்த இதழ் உங்களுக்குத் தபாலில் வருகிறது என்று எனக்குத் தெரியும். பழைய பழக்கத்தில், நான் இதில் எழுதிவரும் இந்தத் தொடரையும் கிழித்துத் தைத்து வைப்பீர்கள் என்றும் தெரியும். இந்த வாரத்துப் பக்கங்களைத் தவறவிட்டுவிடாதீர்கள். காளி கொலைகாரன் இல்லை.